பழைய காரின் ஹெட்லைட் ஏன் அழுது வடிகிறது?

1950களில் வந்த காரை இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வேகமாகப் போகும்போது ஏதோ வெளிச்சம் இருக்கும். சிக்னலில் நின்றதும் ஹெட்லைட் அழுது வடியும். புது பேட்டரி போட்டாலும் இதே கதைதான்.

முதல் காரணம் டைனமோ, அதாவது இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தயாரிக்கும் பழைய கருவி. அதில் மின்சாரம் உண்டாவது சுழலும் சுருளில். அது தரும் 20 சொச்சம் ஆம்பியரும் கம்யூட்டேட்டரில் (சுருளோடு சுழலும் செம்புத் துண்டு வளையம்) உரசும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சின்ன புல்லி போட்டு இன்னும் வேகமாகச் சுற்றவிடலாமே என்றால், நெடுஞ்சாலை வேகத்தில் செம்புக் கம்பிகள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் ஐட்லிங்கில் (கார் நிற்க, இன்ஜின் மெதுவாக ஓடும்போது) டைனமோ ஏறக்குறைய தூங்குகிறது. பாரமெல்லாம் பேட்டரியின் தலையில்.

டைனமோவின் இடத்துக்குப் பின்னாளில் வந்த ஆல்டர்நேட்டர் இந்த அமைப்பைத் தலைகீழாக்கியது. சுழல்வது ஒரு மின்காந்தம். மின்சாரம் உண்டாவது அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் சுருள்களில். பிரஷ் வழியாகப் போவது மின்காந்தத்துக்கான சில ஆம்பியர் மட்டுமே. உறுதியான ரோட்டரை (சுழலும் பகுதி) வேகமாகச் சுற்றலாம் என்பதால் ஐட்லிங்கிலும் சார்ஜ் ஏறும். வெளிவரும் மாறுமின்னோட்டத்தை டையோடுகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுபவை) நேராக்குகின்றன; பேட்டரி மின்சாரம் திரும்பி வராமல் தடுப்பதும் அவையே. டைனமோவுக்கு இதற்கென்று தனியாக ஒரு கட்-அவுட் (தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டியிருந்தது.

சரி, பழைய காரிலும் ஆல்டர்நேட்டரை மாட்டிவிடலாமா? பொறுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதை மாற்றாமல் சாதாரண ஆல்டர்நேட்டரை இணைத்தால் டையோடுகள் நொடியில் போய்விடும். 20 ஆம்பியருக்குப் போட்ட வயரில் ஆல்டர்நேட்டரின் 45 ஆம்பியரை விட்டால் வயர் உருகும், மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரும் கருகலாம். தடித்த வயரைத் தக்க ஃப்யூஸோடு நேராக பேட்டரிக்கு இழுப்பதே நல்லது. இன்னொன்று: டாஷ்போர்டின் சார்ஜ் விளக்கு வெறும் அலங்காரமில்லை. பல ஆல்டர்நேட்டர்களில் மின்காந்தத்தை எழுப்பிவிடும் முதல் மின்னோட்டம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. அங்கே எல்இடி போட்டால் சார்ஜே ஆகாமல் போகலாம்.

இத்தனைக்கும் பிறகு விளக்கு மஞ்சளாகவே எரிந்தால் குற்றவாளி வயரிங். என்னைக் கேட்டால் முதலில் கைவைக்க வேண்டியதே இங்குதான். இரண்டு 55 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அது டாஷ்போர்டு சுவிட்ச் வரை போய்த் திரும்புவதற்குள், வயதான ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும். டங்ஸ்டன் பல்பில் மின்னழுத்தம் 10% குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30% போய்விடும். 6 வோல்ட் கார் என்றால் நிலைமை இன்னும் மோசம்: அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம், அதே வயரில் நான்கு மடங்கு இழப்பு.

இதற்கு மருந்து ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய சுவிட்ச் இனி ரிலேயின் குட்டிச் சுருளை மட்டும் இயக்கும். விளக்குக்கான மின்னோட்டம் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் போகும்.

அதற்கும் முன்னால், ஹெட்லைட்டை எரியவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் (பாடியோடு சேர்ந்த முனை) மறுமுனையை பல்பின் எர்த்திலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினால் ரிலேகூட அப்புறம்தான்; முதலில் உப்புத்தாள் எடுத்து எர்த் இணைப்பின் துருவைத் தேயுங்கள்.