வீடு மாறப் போகிறீர்களா? லைவ் ராக்கை முதலில் கொடுத்துவிடாதீர்கள்

"சார், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. என்னன்னே தெரியல."

போய்ப் பார்த்தேன். 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. ஐந்து வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்த வீட்டில் திடீரென வேலை மாற்றம், பத்து நாளில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். தொட்டியில் இருப்பதைக் கொடுக்கிறோம் என்று சொன்னதும் முதலில் வந்தவர் கேட்டது லைவ் ராக்கை, அதாவது தொட்டிக்குள் அடுக்கியிருக்கும் உயிருள்ள கல்லை. மொத்தக் கல்லையும் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மீன்களை வாங்க வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருந்தார். நடுவில் மூன்று நாள்.

அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் அடர்ந்த பச்சைக்குப் போயிருந்தது. டேங் (tang) என்ற வகை மீன் ஏற்கெனவே இறந்திருந்தது. க்ளவுன் மீன் ஜோடி ஒரு மூலையில் ஒன்றை ஒன்று உரசியபடி நின்றன. செவுள் மூடி எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. என் சம்ப்பில் (வடிகட்டிகள் வைக்கும் துணைத் தொட்டியில்) ஊறிக்கொண்டிருந்த கல் இரண்டைக் கொண்டுவந்து போட்டு, அம்மோனியாவைக் கட்டும் மருந்து ஊற்றி, பாதித் தண்ணீரை மாற்றி, அந்த ஜோடியைக் காப்பாற்றினோம். மற்ற மூன்று மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை.

கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. வீடு மாறும் நேரத்தில் நான் பார்க்கும் சாவுகளில் பெரும்பாலானவை பயணத்தில் நடப்பதில்லை. பயணத்துக்கு முந்தைய வாரத்தில், பாதி காலியான தொட்டியில் நடக்கின்றன. அதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

லைவ் ராக் பார்வைக்குக் கல்தான். பழைய பவளப்பாறையின் சுண்ணாம்பு எலும்புக்கூடு அது. அதன் ஒவ்வொரு துளையிலும் பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ்கின்றன. மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். கல்லின் உள்ளே ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் வேறொரு கூட்டம் நைட்ரேட்டையும் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும். இந்த பாக்டீரியாக்கள் ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டியே வாழும், தண்ணீரில் மிதப்பவை மிகக் குறைவு. அதனால்தான் "பழைய தண்ணி அப்படியே இருக்கே சார்" என்பது மீனைக் காப்பாற்றாது. ஸ்கிம்மர் ஓடினாலும் காப்பாற்றாது. அது அழுக்கை அம்மோனியாவாக மாறும் முன் நுரையில் அள்ளும், மீன் நேரடியாக விடும் அம்மோனியாவை அள்ளாது. கல்லை எடுத்துவிட்டால் அந்தத் தொட்டிக்குச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டதாகவே அர்த்தம்.

ஆனால் கல்லைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். விலை போகும், தீனி போட வேண்டாம், உடனே செத்துப்போகாது. மீனை வாங்க யோசிப்பவர்கூடக் கல்லுக்கு ஓடி வருவார். அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: கல் கடைசி நாளில்தான்.

நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். வீடு மாற ஆறு வாரம் இருக்கும்போதே ஆள் தேடத் தொடங்கிவிடுவேன். அன்றிலிருந்து தொட்டிக்குப் புதிதாக ஓர் உயிர்கூட வராது. முதலில் வெளியேறுவது பவளங்கள். இவற்றுக்கு ஆள் கிடைப்பதும் எளிது, போனால் தொட்டியின் சமநிலையும் பெரிதாக ஆடாது. பிறகு மீன், இறால், நத்தை. மீன் போகிற அதே நாளிலோ அதற்கு அடுத்தோ கல். மணல் எல்லாவற்றுக்கும் பின்னால்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கல் உள்ளே இருக்கும்போது மீனைப் பிடிக்க முடியாது. வலையோடு அரை மணி நேரம் துரத்தினால் மீன் களைத்துப்போகும், டேங் வகையின் வாலடி முள் வலையில் சிக்கிக் கிழியும். அதனால் பிடிக்கும் நாளில் தொட்டித் தண்ணீரையே மூடியுள்ள இரண்டு பெரிய டப்பாக்களில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு ஹீட்டர், தண்ணீரை ஓடவைக்கும் ஒரு பவர்ஹெட் போட்டு வையுங்கள். கல்லை ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் இறக்குங்கள். எடுக்கும் கல்லைத் தொட்டிக்கு மேலேயே பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள், பொந்துக்குள் புகுந்த சின்ன மீனும் இறாலும் வெளியே குதிக்கும். தண்ணீரை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிய பிறகு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவால் மீனை மெதுவாக ஒதுக்கி அள்ளுங்கள். வலையே வேண்டாம்.

கல்லைப் பயணத்தில் கொண்டுபோகும்போது ஈரம் விடக் கூடாது. ஓரிரு மணி நேரம் என்றால் தொட்டித் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளில் சுற்றலாம். அதற்கு மேல் என்றால் தண்ணீருக்குள்ளேயே போக வேண்டும். கல்லில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகளுக்குக் காற்று பட்டால் பெரும்பாலும் அவை பிழைக்காது. அவை அழுகும்போது கிளம்பும் அம்மோனியா புதிய வீட்டில் போய்த் தெரியும். ஆகவே கல்லை வாங்குபவர் அதை நேராக மீன் இருக்கும் தொட்டியில் போடாமல், தனி டப்பாவில் சூடும் ஓட்டமும் கொடுத்துச் சில நாள் வைத்து, அம்மோனியா பூஜ்யம் காட்டிய பிறகே சேர்க்க வேண்டும். இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மணலைப் பற்றிச் சுருக்கமாக. பல வருடம் கிளறாத மணலின் அடியில் கறுப்புத் திட்டு இருக்கும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். உயிர்கள் எல்லாம் வெளியேறும்வரை மணலில் கை வைக்காதீர்கள். பழைய மணலை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

மீன்களுக்கு வருகிறேன். பையில் கட்டுவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள். பாவமாக இருக்கிறது என்று கடைசி வேளையில் நிறையப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தீனிதான் பைக்குள் கழிவாக மாறும். ஒரு பைக்கு ஒரு மீன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. தெர்மாகோல் பெட்டிக்குள் இருட்டில் வைத்தால் அமைதியாக வரும்.

நீண்ட பயணம் என்றால் இன்னொரு விஷயம். மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு தேங்கி, தண்ணீரின் பி.எச். இறங்கும். அந்த நிலையில் அம்மோனியாவில் பெரும்பகுதி அம்மோனியம் என்ற, தீங்கு குறைந்த வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அதுவரை அடங்கியிருந்தது விஷமாகும். பல மணி நேரப் பயணத்துக்குப் பிறகு பையைத் திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் விடும் பழக்கம் அந்த நேரத்தில் மீனுக்கு எதிரி. பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பைத் தண்ணீரின் உப்பளவையும் தொட்டியின் உப்பளவையும் முன்கூட்டியே போனில் பேசி ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒப்படர்த்தி 1.025 என்றால், திறந்த கையோடு மீனை மாற்றிவிடலாம். இறால், நட்சத்திர மீன் போன்றவை விதிவிலக்கு. உப்பளவு சற்று மாறினாலும் தாங்காது, நிதானமாகத்தான் பழக்க வேண்டும். நட்சத்திர மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவே தூக்காதீர்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் எனக்குக் கண்டிப்பு அதிகம். 'இலவசம்' என்று போட்டால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் வருவார்கள். அதில் ஓடுகிற தொட்டி உள்ளவர் இரண்டு பேர் இருப்பார்கள். தொட்டியின் படம், அது ஓடத் தொடங்கிய காலம், உப்பளவு, உள்ளே இருக்கும் மீன்கள் ஆகிய நான்கையும் கேளுங்கள். சொல்லத் தயங்குபவருக்குக் கொடுக்காதீர்கள். பொது மீன் காட்சியகங்கள் வீட்டு மீன்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, அதை நம்பி நாள் கடத்த வேண்டாம். மாண்டரின் மீனுக்குத் தனிக் கவனம் தேவை. கல்லில் ஊரும் கோப்பிபாட் என்ற மிகச் சிறிய ஓட்டுடலிகளைத்தான் அது நாள் முழுக்கக் கொத்தித் தின்னும். புதுத் தொட்டிக்குப் போனால் கண்ணெதிரே பட்டினியில் மெலியும். பல வருடம் பழுத்த தொட்டி உள்ளவருக்கு மட்டுமே அது போக வேண்டும். க்ளவுன் ஜோடியைப் பிரிக்காதீர்கள். க்ளவுன் எல்லாம் ஆணாகவே வளர்ந்து, ஜோடியில் வலுத்தது பெண்ணாக மாறும். ஏற்கெனவே ஜோடி உள்ள தொட்டியில் இன்னொன்றைப் போட்டால் அடித்துக் கொல்லும். பூப்போல இருக்கும் கடல் உயிரான அனிமோனைக் கல்லிலிருந்து பிய்க்க வேண்டாம். பாதம் கிழிந்தால் அழுகும், அழுகினால் தொட்டியே கெடும். ஒட்டிய கல்லோடு கொடுங்கள்.

உங்கள் தொட்டியில் எப்போதாவது வெண்புள்ளி நோய் வந்திருந்தால் மறைக்காதீர்கள். கிரிப்டோகாரியன் என்ற அந்த ஒட்டுண்ணி, மீனிலிருந்து விழுந்து கல்லிலும் மணலிலும் கூடு கட்டிக் காத்திருக்கும். மீன் இல்லாத தொட்டியில் அந்தக் கல்லை 76 நாள் வைத்த பிறகே பயன்படுத்துவது எங்கள் தொழிலில் வழக்கம். செம்பு மருந்து போட்ட தொட்டியில் இருந்த கல் என்றால் அதையும் சொல்லுங்கள். சுண்ணாம்பு செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பின்னால் கசியவிட்டு இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

இனி நான் சொல்வதை தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. யாரும் வாங்காத கல்லைச் சுத்தம் செய்து எடுத்துப்போகலாம் என்று சிலர் கொதிநீரில் போடுகிறார்கள், பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள், பிரஷர் வாஷர் அடிக்கிறார்கள். செய்யவே கூடாது. கல்லில் பொத்தான் பொத்தானாக ஒட்டியிருக்கும் ஸோவாந்திட், பாலிதோவா என்ற பவளம் போன்ற உயிர்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் இருக்கலாம். 1971இல் ஹவாயில் கிடைத்த பாலிதோவாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது அது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. கொதிக்கவைத்த கல்லின் ஆவியைச் சுவாசித்து, வீட்டில் இருந்த எல்லாரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. பவளத்தை எடுக்கும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள். குழந்தைகளையும் நாயையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். வேலை முடிந்த பின் வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், மூச்சிரைப்பு, தசைவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "கடல் தொட்டிப் பவளத்தைக் கையாண்டேன், பாலிடாக்ஸினாக இருக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்தச் சொல்லை எல்லா மருத்துவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தேவையில்லாத கல்லை வீட்டுக்கு வெளியே, மூடியுள்ள வாளியில், நீர்த்த ப்ளீச்சில் ஊறவைத்துக் கொன்றுவிடலாம். ப்ளீச்சோடு அமிலமோ வினிகரோ சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

எதையும் கடலில் விடாதீர்கள். "கடலிலிருந்து வந்தது, கடலுக்கே போகட்டும்" என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். இந்திய, பசிபிக் பெருங்கடல் பகுதியைச் சேர்ந்த லயன் ஃபிஷ் 1985இல் புளோரிடா கடற்கரையில் தென்பட்டது. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதன் தொடக்கம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுக்க உள்ளூர்க் குஞ்சுமீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. கௌலெர்பா டாக்ஸிஃபோலியா என்ற அலங்காரப் பாசி 1984இல் மொனாக்கோ அருகே மத்தியதரைக் கடலில் காணப்பட்டு, பிறகு கடலடியில் பரவியது. 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு கடற்கழியில் அதே பாசி தலைகாட்டியபோது முழுவதும் ஒழிக்க 2006 ஆகிவிட்டது. ஒரு விரல்நீளத் துண்டு போதும், அது மறுபடி முளைக்கும். உங்கள் கல்லிலும் தண்ணீரிலும் என்னென்ன துண்டுகள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியாது. மிஞ்சிய தண்ணீரில் ப்ளீச் கலந்து ஒரு நாள் வைத்து, வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள், மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள்.

நாடு விட்டு நாடு போகிறவர்கள் பவளத்தையும் கல்லையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. கல் பவளங்கள், கடல்குதிரை, ராட்சதச் சிப்பி எல்லாம், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் இருக்கின்றன, அனுமதிச் சீட்டு வேண்டும். உள்நாட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், முதலில் விசாரியுங்கள்.

கொடுக்கும்போது கையோடு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். என்ன தீனி, எத்தனை வேளை, எத்தனை வயது, எது யாரோடு சண்டை போடும், என்ன நோய் வந்தது, என்ன மருந்து போட்டீர்கள். முதலில் சொன்ன அந்த வீட்டில், காப்பாற்றிய க்ளவுன் ஜோடியை என் வாடிக்கையாளர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். எடுத்துப்போகும்போது அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து, நோட்டிலிருந்து கிழித்த தாளை என் கையில் கொடுத்தான். "அங்கிள், இதை அவங்ககிட்ட கொடுத்துடுங்க." அதில் எழுதியிருந்தது: பெரிய மீனுக்கு இடது கண் தெரியாது. வலது பக்கமாகத் தீனி போடவும்.

அந்தத் தாள் இப்போதும் புது வீட்டுத் தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கே போகும்போது நானும் வலது பக்கமாகத்தான் போடுகிறேன்.