லோடு பாடி போல்ட்: கழற்றுவதும் மறுபடி இறுக்குவதும்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கேரளத்துக்கு இளநீரும் காய்கறியும் ஏற்றிப் போகும் பிக்கப் வண்டிகளில் சில, திரும்பும்போது மீன் பெட்டிகளோடு வரும். பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் தரைத் தகட்டின் இடுக்கில் இறங்கி, லோடு பாடியையும் (சரக்கு ஏற்றும் தொட்டி) சேஸையும் (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் போல்ட்டில்தான் போய்த் தங்கும். நாலைந்து வருஷம் இப்படி ஓடிய வண்டியில் பாடியைத் தூக்க வேண்டுமென்றால் பாதி வேலை துருவோடுதான்.

துரு போல்ட்டை எப்படிப் பிடிக்கிறது? இரும்பு துருவாக மாறும்போது அதன் கனஅளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். போல்ட்டின் மரைக்கும் (திருகுப் புரி) நட்டுக்கும் நடுவே இருப்பதோ முடி அளவு இடைவெளி. பெருகிய துரு அங்கே ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். அதனால் முதல் நாள் மாலையே கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தமாகத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். இந்த பிரஷ் வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அழுக்கு மரை மேலேயே நட்டைத் திருகினால், கழற்றும் வழியிலேயே மரை அறுந்துவிடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுங்கள். பின்விளக்கு கப்ளர் (ஒயர் இணைப்பான்), எர்த் ஒயர், பாடியோடு கிளிப் போட்ட குழாய்கள் எல்லாம் முன்பே கழன்றிருக்க வேண்டும். பாடி பாதி தூக்கிய பிறகு ஒயர் இழுபடுவது அடிக்கடி நடக்கிற கூத்து.

ஒரே போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டுத்தான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி போல்ட் மேல் பாடியின் முறுக்கு மொத்தமும் விழுந்து அது சிக்கிக்கொள்ளும். பாடியைத் தூக்கும் செயின் பிளாக் மாட்டி முடிக்கும்வரை எதிரெதிர் மூலையில் இரண்டு போல்ட்டுகள் இருக்கட்டும். பிடிவாதமான நட்டை அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னும் திருப்புங்கள். துருத் தூள் உதிர்ந்து வழி விடும். வெல்டிங் செய்த நட்டு பிய்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றினால், எவ்வளவு திருகினாலும் பயனில்லை. நட்டை வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் இடுக்கி) பிடிக்கணும், பிடிக்க இடமில்லையென்றால் போல்ட் தலையை வெட்டணும். கேஸ் கட்டர் கடைசி வழி. டீசல் டேங்க்கும் பிரேக் குழாயும் பக்கத்திலேயே இருக்கின்றன. சிவக்கக் காய்ந்த போல்ட் தன் பதத்தை இழந்துவிடும், திரும்பப் போடக் கூடாது. நைலான் வளையம் வைத்த நட்டும் அப்படித்தான், ஒருமுறை கழற்றினால் புதிது.

கழற்றிய போல்ட்டை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். பாடியும் சேஸும் சேருமிடத்தில் இடுப்பு ஒடுங்கி, குழி விழுந்திருந்தால் குப்பைக்குத்தான்.

திரும்பப் பூட்டும்போது கணக்கு இதுதான். தலையில் 8.8 என்று வலிமைத் தரம் குறித்திருக்கும் எம்12 (12 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்டை உலர்ந்த மரையில் சுமார் 88 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (திருகு விசை) இறுக்கினால், அது 36,600 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 3.7 டன் விசையோடு இரண்டு தகடுகளையும் கவ்வும். பிரேக் போடும்போது பாடி நகராமல் நிற்பது இந்தக் கவ்வலால் வரும் உராய்வில். ஸ்பேனரில் கொடுக்கும் உழைப்பில் சுமார் 90 சதவீதம் தலைக்கடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். போல்ட்டை இழுக்கக் கிடைப்பது 10 சதவீதம்தான். மரைக்கு எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அதே 88-இல் போல்ட் தன் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும். எண்ணெய் தடவினால் 65 போதும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சட்டம்.

இன்னொன்று, பலர் கண்டுகொள்ளாதது. 60 மில்லிமீட்டர் கவ்வும் போல்ட் இந்த இறுக்கத்தில் நீள்வது ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர்தான். நடுவில் இருக்கும் பெயிண்ட் 0.05 மில்லிமீட்டர் நசுங்கினாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடி போய்விடும். அதனால் சேரும் முகத்தில் பட்டி, தடித்த பெயிண்ட் எதுவும் வேண்டாம். மெல்லிய துத்தநாகப் பூச்சு ஒரு கோட் போதும். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே மரக்கட்டை பேக்கிங் வைத்து, யூ வடிவ போல்ட்டால் கட்டிய வண்டிகளில் சிக்கல் இன்னும் அதிகம். ஜூன் மழையில் ஊறி உப்பிய கட்டை கோடையில் காய்ந்து சுருங்கும், நட்டு தானாகவே தளர்ந்து கிடக்கும். ரப்பர் பேக்கிங்கில் இரும்புக் குழல் இருக்கிறதா என்று பாருங்கள். குழல் இல்லாத ரப்பரில் டார்க் எண்ணுக்கு அர்த்தமில்லை.

எல்லா போல்ட்டையும் கையாலேயே நாலு மரை ஏற்றிவிட்டு, கேபினுக்கும் பாடிக்கும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றா என்று அளந்த பிறகு இறுக்குங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக, 30, 60, 88 நியூட்டன் மீட்டர் என்று மூன்று தடவையாக. காற்றழுத்தத்தில் திருகும் ஏர் கன் கழற்றத் தோது, இறுதி இறுக்கத்துக்கு உதவாது. ஸ்பிரிங் வாசரை நம்பி இருக்க வேண்டாம். பக்கவாட்டு அதிர்வில் அது நட்டைத் தடுப்பதில்லை என்று 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் ஜுங்கரின் சோதனைகளுக்குப் பிறகு தெரிந்துவிட்டது. நட்டிலும் தகட்டிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். முதல் முழு லோடு இறக்கியதும் டார்க் அளவு காட்டும் ஸ்பேனரான டார்க் ரென்ச் வைத்து மறுபடி பாருங்கள். கோடு நகராமலேயே நட்டு கால் சுற்று போனால் பெயிண்டோ பேக்கிங்கோ நசுங்கியிருக்கிறது. கோடே விலகியிருந்தால் நட்டு சுற்றுகிறது, அந்த நட்டை மாற்றுங்கள்.