ஊட்டி மலை ஊதா நிறம் இல்லை

பழைய போட்டோவைப் பார்த்து கான்வாஸில் ஓவியம் தீட்டுபவர்களே, அளவு மாற்றி வரைய ஒரிஜினல் போட்டோ மேல் கட்டம் போடாதீர்கள். எத்தனை தடவை சொன்னாலும் அப்படியே வருகிறது. போன வாரமும் ஒன்று: எண்பதுகளில் எடுத்த ஊட்டிப் படம், அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் அரை அங்குலக் கட்டம். மையை எப்படியாவது எடுத்தாலும் போட்டோவின் மேற்பரப்பான ஜெலட்டின் படலத்தில் விழுந்த பள்ளம் போகாது. பின்பக்கம் எழுதினாலும் முன்பக்கம் புடைக்கும்.

600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, அதில் கட்டம் போடுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஓஹெச்பி ஷீட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் தனியாகக் கட்டம் வரைந்து, மை காய்ந்தபின் படத்தின்மேல் வைத்தால் போதும். ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். ஈரத் துணியால் துடைப்பவர்களுக்கு என்ன சொல்ல? நனைந்த ஜெலட்டின் விரல் பட்டாலே உரியும்.

இனி, பெரிய தொல்லைக்கு வருவோம். 'போட்டோவில் உள்ள நிறம்தானே சார் அங்கே இருந்த நிறம்?' இல்லை. அந்தக்கால கலர் பிரிண்ட் சையான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு ரோஜா நிறம்), மஞ்சள் என்ற மூன்று சாயங்களால் ஆனது. ஆல்பத்துக்குள் இருட்டில் பத்திரமாக வைத்திருந்தாலும், பழைய பிரிண்டுகள் பலவற்றில் சையான்தான் முதலில் போகும். தொலைதூர மலையின் நீலத்தில் சையான் போனால் மிஞ்சுவது மெஜந்தா. அதனால்தான் மலை ஊதாவாகிறது. தேயிலைச் சரிவில் அது போனால் பச்சை பழுப்பாகிவிடும். அதைப் பார்த்து ஊதா மலையும் பழுப்புத் தேயிலையும் தீட்டிவிட்டு, 'அந்திப் பொழுது' என்று தலைப்பு வைக்கிறார்கள். நிழல் காலடியில் கிடக்கிறது, நடுப்பகல் ஐயா அது!

'வேட்டி வெள்ளையாகத்தானே இருக்கிறது' என்று வாதாடாதீர்கள். வெள்ளையான இடத்தில் சாயமே சொற்பம், வெளுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது தலைமுடியை, குடையை. முடி மெரூன் நிறத்தில் தெரிந்தால் சையான் போய்விட்டது என்று அர்த்தம். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் லெவல்ஸ் என்ற வெளிச்சத் திருத்தத்துக்குப் போய், ரெட் சானலை (சிவப்புப் பகுதியை) மட்டும் எடுத்து, இடப்பக்கக் கறுப்பு முனையை முடி கறுக்கும்வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். மொத்தப் படத்துக்கும் நீலத்தைக் கூட்டினால் வேட்டியும் நீலமாகும், அவ்வளவுதான் மிச்சம்.

பெயின்ட் கலவையில்: தூரத்து மலைக்கு அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை, துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. தேயிலைக்கு லெமன் யெல்லோவோடு அல்ட்ராமரைன். சாப் க்ரீன் என்ற தயார்ப் பச்சையை ட்யூபிலிருந்து அப்படியே பூசினால் பிளாஸ்டிக் செடிதான் வரும். நிழல் படத்தில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் பிரிண்டின் எல்லை, அங்கே இருந்த நிறம் அல்ல. கறுப்பு ட்யூபைத் தொடாமல் அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து பாருங்கள். வானம் வெள்ளையாக எரிந்துபோயிருப்பதும் அப்படித்தான், மேகம் என்று எண்ணிவிடாதீர்கள்.

அளவில் நடக்கும் கோளாறு ஒன்று. 4க்கு 6 அங்குல பிரிண்டை 16க்கு 20 அங்குல கான்வாஸில் ஏற்றினால் ஆட்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ ஆகிவிடுவார்கள். 16க்கு 24 வாங்குங்கள்: படத்தில் அரை அங்குலக் கட்டம், கான்வாஸில் இரண்டு அங்குலம், இரண்டிலும் 8க்கு 12 கட்டங்கள். 16க்கு 20தான் கையில் இருக்கிறதென்றால் நகலின் நீளத்தில் ஒரு அங்குலத்தை வெட்டுங்கள். சாதாரண கேமராக்களில் இருந்த 35 மிமீ அகலக்கோண லென்ஸ் பின்னாலிருக்கும் மலையைக் கண்ணுக்குத் தெரிந்ததைவிடச் சிறிதாகக் காட்டும், மலையைக் கொஞ்சம் தூக்கி வரைவதில் தப்பில்லை.

கறுப்பு வெள்ளைப் படமா? சிவப்புப் புடவையும் பச்சைப் புடவையும் ஒரே சாம்பலாக விழுந்திருக்கலாம். நிறம் ஏற்றித் தரும் செயலி ஊகித்துத்தான் சொல்கிறது. பாட்டி இருந்தால் பாட்டியைக் கேளுங்கள். கேட்கும்போதே ஸ்டுடியோ கவரில் நெகடிவ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிரிண்டில் வெள்ளையாகப் போன வானத்து மேகம் பெரும்பாலும் அதில் இருக்கும். ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து, பிரிண்டை விட்டுவிட்டு அதை ஸ்கேன் செய்யுங்கள்.