சுரங்கம் மூடிய பின்னும் வீட்டுக்குள் வரும் ஈயத் தூசி

பழைய சுரங்கம் என்றதும் சுற்றுச்சூழல் நலத்துறையினரான எங்களிடம் மக்கள் பெரும்பாலும் கேட்பது கைவிடப்பட்ட குழிகளைப் பற்றித்தான். அந்த அச்சம் நியாயமானதே. சல்பைடுத் தாதும் மக்கும் மரமுட்டுகளும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால், எந்த மணமும் எச்சரிக்காமலே அங்கு மூச்சு அடங்கிவிடக்கூடும். ஆனால் குழிக்குள் இறங்குவோர் சிலரே. தூசியோ அழைக்காமலே வீடு தேடி வருகிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டர் மழையே பெறும் வறண்ட நிலத்தில் உள்ள புரோக்கன் ஹில் இதற்குத் தக்க சான்று. 1883இல் சார்லஸ் ராஸ்ப் என்னும் பண்ணைத் தொழிலாளி அடையாளம் கண்ட வெள்ளி, ஈய, துத்தநாகப் படிவின் மேலேயே நகரம் எழுந்தது. அங்கு பிறந்த பிஎச்பி என்ற சுரங்க நிறுவனம் 1939இல் வெளியேறியது. சில சுரங்கங்கள் இன்றும் இயங்கினாலும், மூடப்பட்டவற்றின் கழிவுமேடுகள் நகரை ஒட்டியே நிற்கின்றன.

எல்லா ஈயமும் உடலில் ஒரே அளவில் சேர்வதில்லை. ஆழத்தில் கிடைக்கும் கலீனா என்ற ஈய சல்பைடு வயிற்று அமிலத்தில் மெதுவாகவே கரையும். மேற்பரப்பில் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து உருவாகும் செருசைட் என்ற ஈய கார்பனேட் எளிதில் கரைந்துவிடும். தொடக்க காலத்தில் அங்கு வெட்டியெடுக்கப்பட்டதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையே. தொழிலாளரிடையே பரவிய ஈய நஞ்சை ஆராய 1890களின் தொடக்கத்திலேயே அரசு விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. எரிபொருளுக்காகச் சுற்றியிருந்த மரங்கள் வெட்டப்பட்டதால் புழுதிப் புயல்களும் பெருகின. 1936 முதல் உள்ளூர்த் தாவர ஆர்வலர் ஆல்பர்ட் மோரிஸ் முனைந்து வேலியிட்டுக் காத்த பகுதிகளில் இயல்பான செடிகொடிகள் மீண்டும் தழைத்து மண்ணைப் பிடித்துக்கொண்டன. என் மதிப்பீட்டில், எந்த வடிகட்டியையும்விடப் பயனுள்ள தடுப்பு அந்த வேலிதான்.

வீட்டு ஆய்வில் நாங்கள் முதலில் பார்ப்பது சன்னல் விளிம்பையும், குழந்தை தவழும் தரையையும், மழைநீர்த் தொட்டிக்கு நீர் தரும் கூரையையும்தான். பெரியவர் உடல் விழுங்கிய ஈயத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை ஏற்கும் என்றால், சிறு குழந்தையின் உடல் பாதி வரை ஏற்கக்கூடும். இரும்பும் கால்சியமும் குறைந்த உணவு அந்த அளவை இன்னும் கூட்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழுந்து மீண்டும் படியும் என்பதால், ஈரத்துணியால் துடைக்க வேண்டும்; உண்ணும் முன் கை கழுவ வேண்டும்; சுரங்க வேலை உடையை மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் 2015 முதல் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் அதன் மூலத்தைத் தேட வேண்டும் என்பதே வழிகாட்டுதல். விரல்நுனியில் குத்தி எடுக்கும் சோதனையில் தோலில் ஒட்டிய தூசியே அளவை உயர்த்திக் காட்டிவிடலாம் என்பதால், குழந்தையின் கையைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவிய பிறகே குத்த வேண்டும். அளவு அதிகமாக வந்தால் நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.