அரை மாத்திரைதானே, தம்பி

திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் கால்நடை கிளினிக்குக்குப் பூனைகள் பெரும்பாலும் கட்டைப்பையில்தான் வரும். ஜவுளிக்கடைப் பை, வாயை இழுத்துக் கட்ட ஒரு துண்டு. போன ஐப்பசியில் ஒரு மழைநாள் காலை, தச்சநல்லூர்ப் பக்கமிருந்து ஓர் ஆச்சி அப்படித்தான் தன் பூனையைக் கொண்டுவந்தார். பையைத் திறந்ததும் பாய்ந்து அலமாரிக்கு அடியில் ஒளிவதுதான் வழக்கம். இது அசையவில்லை. முகம் உப்பிக் கிடந்தது. முன்பாதங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. உதட்டை விலக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சேற்று நிறத்தில் இருந்தது.

“என்ன மருந்து கொடுத்தீய ஆச்சி?”

“ஒண்ணும் கொடுக்கலையே தம்பி. ராத்திரி பால் மட்டும் வச்சேன்.”

அந்த ஈறு வேறு கதை சொன்னது. உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு மெதுவாக இன்னொரு தடவை கேட்டேன். ஆச்சி அழுதுவிட்டார். “மேலெல்லாம் கொதிச்சுது. வீட்ல காய்ச்சல் மாத்திரை கிடந்தது. பாதியை நுணுக்கி, பேரன் சங்குல கரைச்சுப் புகட்டினேன். அரை மாத்திரைதானே தம்பி?”

சாயங்காலத்துக்குள் பூனை போய்விட்டது.

அரை மாத்திரைக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 650 மில்லிகிராம் பாரசிட்டமால். அதில் பாதி 325. பூனையின் எடை 3 கிலோ. அறுபது கிலோ மனிதர் ஒருவருக்கு இதே கணக்கைப் போட்டால், ஒரே மூச்சில் பத்து மாத்திரை விழுங்குவதற்குச் சமம். அதைக்கூட நம் கல்லீரல் ஓரளவு சமாளிக்கப் பார்க்கும். பூனையின் கல்லீரலால் முடியாது. இந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியே தள்ளும் நொதி பூனைக்குப் போதுமான அளவில் இல்லை. தேங்கிய மருந்து நஞ்சாக மாறி ரத்தத்தைத் தாக்கும். சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, ரத்தமே பழுப்பாகிவிடும். மூத்திரம் கருப்பட்டிக் காப்பி மாதிரி போகும். பூனை நன்றாக மூச்சு இழுத்தபடியே மூச்சுத்திணறிச் சாகும். பூனைக்குப் பாரசிட்டமாலில் ‘குறைந்த அளவு’ என்று ஒன்று கிடையாது. குழந்தைகள் சிரப்பும் அதே மருந்துதான்.

மேல் கொதித்தது என்று ஆச்சி சொன்னது பொய்யல்ல. நம் உடம்பு 98.6 டிகிரி. பூனைக்கும் நாய்க்கும் இயல்பான சூடே 100.5 முதல் 102.5 வரை. நம் கையால் தொட்டால் அவை எப்போதும் காய்ச்சல்காரர்கள்தான். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதும் நம்பத்தக்க கணக்கல்ல. நம்மூர் சித்திரை வெயிலில் திண்ணையில் படுத்து எழுந்த நாய்க்கு மூக்கு காயாமல் என்ன செய்யும்?

கிராமத்திலிருந்து வருகிறவர்கள் இன்னொரு நியாயம் கேட்பார்கள். “மாட்டுக்குக் காய்ச்சல்னா நீங்களே பாரசிட்டமால் ஊசியப் போடுதீய. பூனைக்கு மட்டும் ஆகாதா?” மாட்டுக்குப் போடுகிறோம், உண்மைதான். மாட்டைத் தேற்றும் மருந்து இன்னோர் உயிரைக் கொல்லும் என்பதற்குக் கழுகுகளே சாட்சி. டைக்லோஃபெனாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக விழுந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்ததால், 2015-இல் ஒரு குப்பியில் 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் ஆணை வந்தது.

தடையெல்லாம் இருந்தும் வீட்டு நாய்க்கு அது இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வேட்டைக்கோ ஓட்டத்துக்கோ பழக்கிய சிப்பிப்பாறை நாய் ஒன்று நொண்டினால், மூட்டுவலிக்குத் தாத்தா சாப்பிடும் மாத்திரையில் ஒன்றை இட்லிக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நொண்டல் நிற்கும், அதுதான் ஆபத்து. வேலை செய்கிறதே என்று இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தொடர்வார்கள். அப்புறம் கறுப்பாகத் தார் போல மலம், ரத்த வாந்தி. குடலில் புண் விழுந்தபிறகு என்னிடம் வருகிற நாய், காலில் முள் குத்தியதற்காக மாத்திரை தின்ற நாயாக இருக்கும். முள்ளை எடுத்தால் முடிந்திருக்கும்.

உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு வாங்கியதில் மிச்சமிருக்கிறதே என்று பூனைக்கும் விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு நடுக்கம் கண்டு வலிப்பு வரும். விட்டுவிட்டீர்கள் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் போட்டுக் கழுவி, துவட்டி, துணியில் சுற்றி உடனே கிளம்புங்கள். மண்ணெண்ணெய், பினாயில், வண்டி ஆயில் தடவுவதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

மாத்திரை உள்ளே போய்விட்டது. இப்போது என்ன செய்வது? உப்புக்கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே தனி நஞ்சாகிவிடும், புரையேறினால் நுரையீரலும் போச்சு. பாலும் மோரும் நஞ்சை முறிக்காது. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கொடுத்த நேரத்தை அதிலேயே எழுதுங்கள், கிளம்புங்கள். பாரசிட்டமாலுக்கு முறிவு மருந்து இருக்கிறது. அசெட்டைல்சிஸ்டீன் என்று பெயர், மனிதர்களுக்கான மருந்துக்கடையிலேயே கிடைக்கும். ஆனால் அளவு அறிந்து, முதல் சில மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எங்களைப் போன்ற சின்ன கிளினிக்கில் முடியாவிட்டால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவோம். 2012-இல் அது வந்தபிறகு எங்கள் பாடு கொஞ்சம் லேசு.

இதில் எங்கள் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது. மாத்திரை கொடுத்தேன் என்று சொன்னவர்களை நானே பல தடவை வரவேற்பறை கேட்கக் கத்தியிருக்கிறேன். அடுத்தவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? அந்த ஆச்சி முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லியிருந்தாலும், இரவு முழுக்கப் போய்விட்டதால் பூனை பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அவர் மறைத்தது என்னை மாதிரி ஆட்களுக்குப் பயந்துதான். இப்போதெல்லாம் கேள்வியை மாற்றிவிட்டேன். “வீட்ல என்னென்ன மாத்திரை இருக்கு?” என்று ஆரம்பிக்கிறேன். தானாகப் பேச்சு வந்துவிடுகிறது.

சூடு பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் பார்க்க. 103-ஐத் தாண்டினால், வெயிலில் கிடந்து வந்ததா என்று யோசித்து, அரை மணி நிழலில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அப்போதும் குறையவில்லையா, அழைத்து வாருங்கள். தெர்மாமீட்டரில் மட்டும் ‘பூனை’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் எழுதி ஒட்டாமல் மருந்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். மறுநாள் மாமனாருக்குக் காய்ச்சல்.