பழைய புளோக் நிற்கும்போதே புது புளோக்: கைப்பேசி அப்டேட் ஆகும் கதை

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நானும் என் மகனும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி போன். அவனுக்கு ஆண்ட்ராய்டு அப்டேட் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. செட்டிங்ஸில் போய் நானே தேடி அழுத்தினேன். அரை மணி நேரம் ஏதோ ஓடியது. நான் பாட்டுக்கு வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ரீஸ்டார்ட் செய் என்றது, ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் போனுக்குள் எப்படி மாற்றினார்கள்?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். எல்லாருக்கும் ஒரே நாளில் அப்டேட்டை அவிழ்த்துவிட மாட்டார்கள். கொஞ்சம் பேருக்குக் கொடுத்து, கோளாறு எதுவும் கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. ஐபோனிலும் இதே கதைதான். தானாக வரட்டும் என்று விட்டவர்களுக்கு ஒன்று முதல் நான்கு வாரம் கழித்தே வரும் என்று ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியே 2022இல் சொல்லியிருக்கிறார். தேடிப் போய் அழுத்துகிறவர் வரிசையில் முந்திக்கொள்கிறார். கூகலின் பிக்சல் வைத்திருப்பவர்கள் கோப்பைக் கணினியில் இறக்கி, கேபிள் வழியாகவும் ஏற்றலாம். எப்படி வந்தாலும் தயாரிப்பாளரின் மின்கையொப்பம் பொருந்த வேண்டும். ஒரு பிட் மாறியிருந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'அப்டேட்' என்று சொல்லி வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு, வேறு சங்கதி. அந்த வழியில் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் இங்கே ஏராளம். 2024 பிப்ரவரியில் கூகல், இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, ஆபத்தான அனுமதிகளைக் கேட்கும் அத்தகைய செயலிகளைத் தடுக்கும் முயற்சியைச் சிங்கப்பூரில்தான் முதலில் சோதித்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அப்டேட் என்றால் போன் மொத்தமாக முடங்கிவிடும். கறுப்புத் திரையில் ஒரு பச்சை ரோபோ வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கும். பழைய இயங்குதளத்தின் மேலேயே புதியதை எழுதுவார்கள். எம்ஆர்டி ரயிலில் வரும்போது எனக்கு அப்படி ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் பேட்டரி தீர்ந்தது. பழையது பாதி அழிந்து, புதியது பாதி வந்து, இரண்டும் உதவாமல் போயின. இப்படி ஆன போனைச் 'செங்கல்' என்பார்கள். பழுது பார்ப்பவர் கையில் எடை பார்ப்பதுபோல் வைத்துப் பார்த்துவிட்டு, "புதுசு வாங்கிடுங்கண்ணே" என்றார்.

அந்தப் பழைய முறை, குடியிருக்கும் வீட்டிலேயே கழிவறையை இடித்துக் கட்டும், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இல்ல மேம்பாட்டுத் திட்டம் மாதிரி. பத்து நாள் தூசியும் தற்காலிகக் கழிவறையுமாக நாம் அல்லாடியே ஆகவேண்டும். பழைய புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) இருப்பவர்களைப் புதியதற்கு மாற்றும், 1995இல் தொடங்கிய செர்ஸ் திட்டம் வேறு வகை. பக்கத்தில் புது புளோக் எழும்பும்வரை பழைய வீட்டில் ரசம் வைத்து, பூசை செய்து, நிம்மதியாக இருக்கலாம். சாவி வந்த பிறகு குடிபோனால் போதும்.

2016இல் ஆண்ட்ராய்டு 7 கொண்டுவந்தது இந்த இரண்டாவது வழியை. சேமிப்பகத்தில் இயங்குதளத்துக்கு ஏ, பி என்று இரண்டு இடங்கள். நீங்கள் ஏயில் இருந்துகொண்டு வாட்ஸ்அப் பார்க்கும்போது, பின்னால் பியில் புதியது எழுதப்படுகிறது. உங்கள் படங்களும் செய்திகளும் தனிப் பகுதியில் இருப்பதால் அவற்றை யாரும் தொடுவதில்லை. எழுதி முடித்ததும் 'அடுத்த முறை பியில் எழு' என்று ஒரு சிறு குறிப்பை மாற்றுகிறார்கள். வாசகி பார்த்த அந்த ஒரு நிமிடம், குடிபோன நிமிடம்.

நான் சொக்கிப்போகும் இடம் இதற்கு அடுத்தது. போனை எழுப்பும் பூட்லோடர் என்ற குட்டி நிரல், புதிய இயங்குதளத்தை நம்புவதே இல்லை. பிக்குச் சில வாய்ப்புகள் மட்டும் கொடுத்து, ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் ஒன்றைக் கழித்துக்கொள்கிறது. பி எழுந்து நின்று, தான் எழுதப்பட்ட பகுதிகளைத் தானே படித்துச் சரிபார்த்து, 'நலமாக எழுந்துவிட்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் அது குடித்தனக்காரர். பாதியில் மயங்கி விழுந்தால் கையெழுத்து வராது, வாய்ப்புகள் தீரும், பூட்லோடர் பேசாமல் பழைய ஏயை எழுப்பிவிடும். மௌனம் சம்மதம் என்பது நம் வழக்கு. பூட்லோடருக்கு மௌனம் என்றால் மரணம்.

எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்தால் இடம் வீணாகுமே என்று கேட்பீர்கள். அதனால்தான் 2020இல் ஆண்ட்ராய்டு 11, மாறிய பகுதிகளை மட்டும் காலியிடத்தில் எழுதிவைத்து, கையெழுத்து விழுந்த பிறகு மூலத்தோடு இணைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அப்டேட்டுக்கு முன் சில போன்கள் இடம் கேட்டு நச்சரிப்பது இதற்காகத்தான். சாம்சங் மட்டும் நெடுங்காலம் இந்தப் பக்கமே வராமல் இருந்தது, ஏனென்று எனக்குப் புரிந்ததே இல்லை.

'முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காது' என்ற இந்தக் கொள்கையைத் தரவுத்தளத் துறையில் 1970களிலேயே செதுக்கியவர்களில் ஒருவர் ஜிம் கிரே. 1998இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றார். பேநவ்வில் பணம் அனுப்பும்போது உங்கள் கணக்கில் கழிந்து எதிர்க்கணக்கில் சேராமல் அந்தரத்தில் நிற்காதது இதே சிந்தனையால்தான். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் 'இதனால் அடுத்த வருடம் என்ன லாபம்?' என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டத் தோன்றுகிறது.

என் சித்தப்பா ராகு காலத்தில் அப்டேட் பொத்தானைத் தொடமாட்டார். சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதாக இல்லை. சரி, அவர் வழியிலேயே போவோம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ராகு காலம் என்பது சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள நேரத்தின் எட்டில் ஒரு பங்கு. ஊர்க் காலண்டர் ஆறு மணி உதயத்தை வைத்துத் திங்கட்கிழமைக்கு ஏழரை முதல் ஒன்பது என்கிறது. இங்கே சூரியன் எழுவதே ஏறக்குறைய ஏழு மணிக்கு. ஆக, அவர் சாஸ்திரப்படியே எட்டரை முதல் பத்து. இத்தனை வருடமாக அவர் ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம் என்று அழுத்திய திங்கட்கிழமை அப்டேட் எல்லாம் ராகு காலத்தில்தான் ஏறியிருக்கிறது. போன் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் "அப்டேட் போட்டால் போன் மந்தமாகிடும்" என்று அவர் புலம்புவதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. மற்றபடி, முதல் ஓரிரு நாள் போன் சூடாவதும் திணறுவதும், செயலிகளைப் புது இயங்குதளத்துக்கு ஏற்றபடி பின்னணியில் மீண்டும் தயார்செய்வதால். இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். சித்தப்பா இப்போது திங்கட்கிழமைகளில் பத்து ஐந்துக்கு அழுத்துகிறார்.