பெயர் அதே, கோப்பு வேறு

கோப்பு மாறியதும் தானாக ஓடட்டும் என்று லினக்ஸில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய சின்ன நிரல், எழுதி வைத்தேன். முதல் தடவை சேமித்ததும் ஓடியது. அடுத்த தடவையிலிருந்து சத்தமே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. ஒரு மாலை முழுக்க வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். கோளாறு ஸ்கிரிப்டில் இல்லவே இல்லை.

மாற்றத்தைக் கவனித்துச் சொல்வது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள ஐநோட்டிஃபை என்ற வசதி. 2005-ல், 2.6.13 பதிப்பில் சேர்ந்தது. நாம் அதற்குக் கோப்பின் பெயரைத்தான் கொடுக்கிறோம். அதுவோ பெயரைப் பிடித்துக்கொள்வதில்லை. பெயருக்குப் பின்னால் இருக்கும் ஐநோடைப் பிடித்துக்கொள்கிறது. கோப்பின் அளவு, அனுமதி, தரவு வட்டில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அடங்கிய பதிவு அது. அதற்கென்று ஓர் எண் உண்டு.

சரி, எடிட்டர் எப்படிச் சேமிக்கிறது? பழைய கோப்பின் மேலேயே எழுதும்போது நடுவில் மின்சாரம் போனால், பழையதும் போச்சு, புதியதும் போச்சு. அதனால் பல எடிட்டர்கள் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி முடித்து, அப்புறம் அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய ஐநோடு அழிந்துவிடுகிறது, அதன் மேல் வைத்த காவலும் கூடவே போய்விடுகிறது.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை ‘-ஐ’ தெரிவோடு கொடுத்தால் பெயருக்கு முன்னால் ஐநோடு எண் வரும். சேமிக்கும் முன் ஒரு தடவை பார்த்தேன், சேமித்த பின் ஒரு தடவை. பெயர் அதே, எண் வேறு! அன்று மாலை முழுக்கத் தேடியது அந்த ஒரு வரியில் இருந்தது.

எனவே கோப்புக்குப் பதில் அது இருக்கும் ஃபோல்டருக்குக் காவல் வைத்து, வரும் தகவல்களில் நமக்கு வேண்டிய பெயரை மட்டும் வடிகட்ட வேண்டும். ‘எழுதி மூடியாயிற்று’, ‘இங்கே பெயர் மாறி வந்தது’ என்ற இரண்டு நிகழ்வுகளைக் கேட்டால் போதும். ‘மாறியது’ என்பதைக் கேட்டால் பெரிய கோப்பு நகலாகும்போது பலமுறை மணி அடிக்கும். ஸ்கிரிப்ட் பாதிக் கோப்பைப் படித்துவிடும். ஸ்கிரிப்ட் தான் செய்ததைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பையும் அதே ஃபோல்டரில் எழுதி, பெயரை வடிகட்டாமல் விட்டால் தன்னைத் தானே எழுப்பிக்கொண்டே இருக்கும். பிணையம் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் மூலம் வேறொரு கணினி செய்த மாற்றம் நம் கெர்னலுக்குத் தெரியவே தெரியாது.

இப்போதெல்லாம் நிகழ்வு வந்ததும் திரையில் காட்டும் ஐநோட்டிஃபைவெயிட் கட்டளையை முதலில் தனியாக ஓடவிட்டுக் கோப்பைச் சேமித்துப் பார்க்கிறேன். நிகழ்வு வரவில்லை என்றால் காவலில் கோளாறு. வந்தும் வேலை நடக்கவில்லை என்றால், ஸ்கிரிப்டின் அனுமதியையும், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியையும் பார்க்க வேண்டியதுதான்.